ஊர் முழுக்கச் சிரிப்பு! முன்வரிசையில் உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள்!

ஸ்காட்லாந்தின் தலைநகரம் எடின்பரோ. மக்கள் தொகை சுமார் 5 லட்சம்தான். ஆனால் ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் இந்த ஊரில் சிரிப்புச் சத்தம் கேட்காத சந்து கிடையாது.

மதுக்கடையின் பின்கட்டில் சிரிப்பு. சர்ச் கூடத்தில் சிரிப்பு. காலேஜ் வகுப்பறையில் சிரிப்பு. பாலத்துக்கு அடியில் இருட்டு நிலவறை இருக்கிறது. அதற்குள்ளும் சிரிப்பு! ஒரு மாடி பஸ்சை நிறுத்தி, அதற்குள்ளேயே மேடை போட்டு நடத்துகிறவர்களும் உண்டு.

இதற்கு "பிரிஞ்ச்" திருவிழா என்று பெயர். நாடகம், நடனம், பாட்டு எல்லாம் இருக்கும். ஆனால் தடித்த நிகழ்ச்சிப் புத்தகத்தில் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்வது நகைச்சுவைதான். ஒரே ஆள், ஒரு மைக், ஒரு மணி நேரப் பேச்சு. அவ்வளவுதான் சரக்கு.

2019-ம் ஆண்டு 3,800 நிகழ்ச்சிகளுக்கு மேல் நடந்தன. போன டிக்கெட் 30 லட்சத்தைத் தாண்டியது. ஊர் ஜனத்தொகையைப் போல் 6 மடங்கு! 2020-ல் கொரோனா வந்து திருவிழாவை நிறுத்திவிட்டது. பிறகு மெல்ல மெல்ல எழுந்து, 2024-ல் மீண்டும் 26 லட்சம் டிக்கெட்டுக்கு வந்துவிட்டது.

லண்டனில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகிற பெற்றோர், கிளாஸ்கோவில் படிக்கப் போன பிள்ளைகள் என்று நம்மவர்களும் இப்போது இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். லண்டனில் இருந்து ரெயிலில் நாலரை மணி நேரம்தான். முதல் தடவை போகிறவர்கள் விவரம் தெரியாமல் போனால் காசும் போகும், காலும் போகும்.

அழைக்காமல் வந்த 8 குழு!

1947-ம் ஆண்டு. உலகப்போர் முடிந்து 2 வருஷம். எடின்பரோவில் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு சர்வதேசக் கலைவிழா தொடங்கினார்கள். வெளிநாடுகளில் இருந்தெல்லாம் பிரபலங்களை அழைத்தார்கள்.

அழைப்பே இல்லாமல் 8 நாடகக் குழுக்கள் வந்து இறங்கின. பெரிய அரங்கம் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் திரையைக் கட்டி நாடகம் போட்டுவிட்டுப் போனார்கள். மறு வருஷமும் அப்படியே. விழாவின் ஓரத்தில், விளிம்பில் நடப்பதால் "பிரிஞ்ச்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சேலையின் ஓரத்தில் தொங்குமே குஞ்சம், அதற்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயர்தான். இன்றைக்குக் குஞ்சம் சேலையைவிடப் பெரிதாகிவிட்டது!

1958-ல் இதற்கென்று ஒரு சங்கம் அமைந்தது. ஆனால் சங்கம் யாரையும் தேர்வு செய்வதில்லை. யாரையும் வேண்டாம் என்றும் சொல்வதில்லை. பதிவுக் கட்டணம் கட்டி, ஒரு கூடத்தையும் பிடித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம்.

அதனால் டெலிவிஷனில் புகழ் பெற்றவரும் இருப்பார். போன மாதம் வரை ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டு இருந்தவரும் இருப்பார். எது தேறும், எது தேறாது என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாகப் போகிறவர் தலை சுற்றி நிற்பது இங்கேதான்.

முதல் அடி வாடகையில்!

டிக்கெட்டைவிடப் பெரிய செலவு தங்கும் இடம். ஆகஸ்டில் எடின்பரோ லாட்ஜ் வாடகையைக் கேட்டால் சிரிக்க வந்தவருக்கு அழுகை வரும். மற்ற மாதங்களில் வாங்குவதைப் போல் 2 மடங்கு, 3 மடங்கு கேட்பது அங்கே சர்வ சாதாரணம். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தவர் பிழைத்தார்.

விடுமுறையில் காலியாக இருக்கும் மாணவர் விடுதி அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். அது கொஞ்சம் தாங்கும். இன்னொரு வழி, கிளாஸ்கோ நகரில் தங்குவது. ரெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் இரவில் கடைசி ரெயில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கதாநாயகன் கதை சொல்லி முடிக்கும் வரை ரெயில் நிற்காது.

"வீடு காலியாக இருக்கிறது, முன்பணம் அனுப்பு" என்று இன்டர்நெட்டில் வருகிற ஆசாமிகளிடம் ஜாக்கிரதை. ஸ்காட்லாந்தில் இப்படிக் குறுகிய காலத்துக்கு வீடு விடுகிறவர்கள் லைசென்சு எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2023 முதல் இந்தக் கெடுபிடி பலமாகிவிட்டது. விளம்பரத்தில் லைசென்சு நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பணத்தை அனுப்பாதீர்கள். வீடே இல்லாத விலாசத்தில் பெட்டியோடு போய் நிற்க வேண்டாம்!

இன்னொரு சேதி. 2026-ம் ஆண்டு ஜூலை 24-ந்தேதி முதல் தங்குபவர்களுக்கு அறை வாடகையில் 5 சதவீதம் நகரசபை வரி. எத்தனை நாள் தங்கினாலும், தொடர்ந்து 5 இரவுக்குத்தான் வசூல். பில் வரும்போது "இது என்னப்பா புதுசா?" என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மேப் ஏமாற்றும்!

எடின்பரோ மேடு பள்ளமான ஊர். மேப்பில் பார்த்தால் இரண்டு தெருக்கள் குறுக்கே வெட்டிக்கொள்வதுபோல் இருக்கும். நேரில் போய் நின்றால் ஒன்று மேலே, மற்றொன்று பல ஆள் உயரத்துக்குக் கீழே!

சவுத் பிரிட்ஜ், நான்காம் ஜார்ஜ் பிரிட்ஜ் என்று 2 பாலங்கள். மேலே நடக்கும்போது பாலம் என்றே தெரியாது. இரண்டு பக்கமும் கடைகள், கட்டடங்கள். கீழே ஓடுகிறது கவ்கேட் என்ற தெரு. சவுத் பிரிட்ஜ் 1788-ல் திறந்தது. அதற்கு 19 வளைவுகள். வெளியே கண்ணுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. மற்றவை கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்து நிலவறை ஆகிவிட்டன. அந்த மாதிரி நிலவறைகளில்தான் காட்சிகள் நடக்கின்றன.

ஆகவே, டிக்கெட்டில் போட்டிருக்கும் தெரு எதிரே தெரிகிறது என்று நினைத்து நிற்பவர், அதே தெருவின் தலைக்கு மேலே நின்றுகொண்டு இருப்பார். காட்சி தொடங்க 3 நிமிஷம் இருக்கும். இறங்கும் படிக்கட்டு எங்கேயோ இருக்கும். மூச்சு வாங்க ஓடிப் போனால் கதவு சாத்தியாகிவிட்டது.

பெரும்பாலான இடங்களில் பிந்தி வந்தால் உள்ளே விடமாட்டார்கள். காசும் திரும்பி வராது. காட்சி சுமார் 1 மணி நேரம். இடைவேளை கிடையாது. ஒரு காட்சி முடிந்த அரை மணிக்குள் அடுத்த கூட்டத்தை அதே அறையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"காலை 10 மணியில் இருந்து நள்ளிரவு வரை நடக்கிறதே, 7 பார்த்துவிடலாம்" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். வேண்டாம். ஒரு நாளைக்கு 3, மிஞ்சினால் 4. காட்சிக்குக் காட்சி முக்கால் மணி நேரமாவது விடுங்கள். ஒவ்வொரு அரங்குக்கும் ஒரு நம்பர் உண்டு. வாசல் பலகையில் எழுதி மாட்டியிருக்கும். பெயர்கள் குழப்பும், நம்பர் குழப்பாது. ஒரே கம்பெனி 4 இடங்களில் அரங்கு நடத்தும் என்பதால் இந்த எச்சரிக்கை.

இரவு 10, 11 மணி வாக்கில் ராயல் மைல் என்ற பெரிய வீதியைக் கடக்க வேண்டி வந்தால் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை வாசலில் ராணுவ இசை அணிவகுப்பு முடிந்து ஆயிரக்கணக்கான பேர் ஒரே மூச்சில் இறங்கி வருவார்கள். நம் ஊரில் தேர் நகர்ந்தபிறகு மாசி வீதியைக் கடக்க முயன்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

பஸ்சில் காசு கொடுத்தால் சில்லறை தரமாட்டார்கள். சரியான கட்டணத்தைப் பெட்டியில் போட வேண்டும், அல்லது கார்டைத் தட்ட வேண்டும். 20 பவுண்டு நோட்டை நீட்டினால் டிரைவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஆகஸ்டு கோடைக்காலம் என்று பேர். பகலிலேயே 20 டிகிரியை எட்டினால் அதிசயம். ராத்திரியில் 10, 11 டிகிரிக்கு இறங்கும். சொல்லாமல் மழை வரும். காற்றில் குடை வளைந்துவிடும். மழைக் கோட்டுதான் சரி. நிலவறைக்குள் போனாலோ வேர்த்துக் கொட்டும்! தெருவெல்லாம் கருங்கல் பாவியது. வழுக்காத செருப்பு முக்கியம், புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம்.

பகல் ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. புதியவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். பயப்பட வேண்டாம்.

நோட்டீஸ் மழை

ராயல் மைலில் கால் வைத்தால் நாலு பக்கமும் கை நீளும். எல்லாக் கையிலும் நோட்டீஸ். அரை மணி நேரத்தில் ஒரு கட்டு சேர்ந்துவிடும்.

நோட்டீசில் 4 நட்சத்திரம், 5 நட்சத்திரம் என்று போட்டிருக்கும். மயங்காதீர்கள். அந்த நட்சத்திரத்தைக் கொடுத்தது யார், எந்த வருஷம், இந்தக் காட்சிக்கா அல்லது பழைய காட்சிக்கா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். ஊர் பேர் தெரியாத ஒருவர் கொடுத்த நட்சத்திரமும் அதே சைசில்தான் மின்னும்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்கிறவரிடமே பேசுங்கள். அவர் கூலிக்கு வந்த பையனாக இருக்கலாம். பல சமயம் மேடை ஏறப்போகும் கலைஞரே அவர்தான்! "உங்கள் நிகழ்ச்சி எதைப் பற்றி?" என்று கேளுங்கள். அரை நிமிஷப் பேச்சில் உங்களைச் சிரிக்க வைத்தால் போய்ப் பார்க்கலாம். மழையில் நனைந்துகொண்டே கொட்டாவி வரவழைத்தால், வாழ்த்துச் சொல்லிவிட்டு நகருங்கள்.

அதே வீதியில் கத்தியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பவர், தீப்பந்தம் சுழற்றுபவர் என்று வட்டம் வட்டமாகக் கூட்டம் நிற்கும். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் நேரம், ஜேப்படிக்காரனுக்கு நல்ல நேரம். அது எந்த ஊரானாலும் ஒன்றுதான். பர்சும் பாஸ்போர்ட்டும் உள்பையில் இருக்கட்டும். வித்தை முடிந்ததும் தொப்பி சுற்றி வரும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தொப்பியில் விழுவதுதான் கூலி. பார்த்துவிட்டு நழுவுவது அழகல்ல.

குப்பை விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2022-ம் ஆண்டு திருவிழா உச்சத்தில் இருக்கும்போது துப்புரவுத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு ஸ்டிரைக் செய்தார்கள். நோட்டீசும் சாப்பாட்டு டப்பாவுமாகத் தெருவோரம் மலைபோல் குவிந்தது. உலகம் முழுக்கப் போட்டோ வந்து ஊர் மானம் போயிற்று. வேண்டாத நோட்டீசை வாங்காமல் இருப்பதே பெரிய உபகாரம்.

"எந்த ஊர் நீங்கள்?"

முன்வரிசை காலியாக இருக்கிறதே, நன்றாகத் தெரியுமே என்று போய் உட்காராதீர்கள். அது காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

நகைச்சுவைக் கலைஞர் வந்ததும் முதல் வரிசையைத்தான் பார்ப்பார். "எந்த ஊர்? என்ன வேலை? பக்கத்தில் யார், மனைவியா?" என்று ஆரம்பிப்பார். அடுத்த 10 நிமிஷம் நீங்கள்தான் காமெடி! ஆள் கூடி இருந்தால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் தப்பிக்கலாம். 10 பேர் மட்டுமே இருக்கும் அறையில் தப்பவே முடியாது.

மாட்டிக்கொண்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "மதுரையில் மளிகைக்கடை" என்றால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். எதிர்த்து ஜோக் அடிக்க முயன்றால், மைக் அவர் கையில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். செல்போனை அணைத்துவிடுங்கள். அது அடித்தால், முன்வரிசையில் உட்கார்ந்தவரைவிட மோசமான கதி உங்களுக்கு.

பேச்சு வேகமாக இருக்கும். ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கிலம் பேசினால் லண்டன்காரருக்கே பாதிதான் புரியும். உள்ளூர் அரசியலையும் டெலிவிஷனையும் வைத்து அடிக்கும் ஜோக்குக்கு எல்லோரும் சிரிக்க, நாம் மட்டும் முழிக்க வேண்டி வரும். ஆங்கிலத்தில் சரளம் இல்லாதவர்கள் மேஜிக், கோமாளி வித்தை, பேச்சில்லாத சேட்டை நாடகம் என்று தேர்ந்தெடுத்தால் காசு வீணாகாது. நிகழ்ச்சிப் புத்தகத்தில் வயது வரம்பு போட்டிருக்கும். ராத்திரிக் காட்சிகளில் பச்சைப் பச்சையாகப் பேசுவார்கள். மாமனார், மாமியாரோடு போகிறவர்கள் அந்த வரியைக் கட்டாயம் படிக்கவும். குழந்தைகளுக்கு என்றே காலையில் காட்சிகள் உண்டு.

வாளியோடு நிற்கிறார்

டிக்கெட் 10 பவுண்டு முதல் 20 பவுண்டு வரை ஆகும். பிரபலம் என்றால் இன்னும் மேலே. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல். நாலு பேர் குடும்பம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். திருவிழாவின் முதல் இரண்டு மூன்று நாள் ஒத்திகைக் காட்சி என்று குறைந்த விலைக்குப் பல இடங்களில் கிடைக்கும். முதல் திங்கள், செவ்வாயில் ஒரு டிக்கெட் விலையில் இரண்டு தருகிற வழக்கமும் இருந்து வருகிறது.

டிக்கெட்டே இல்லாத காட்சிகளும் உண்டு. 1996-ல் பீட்டர் பக்லி ஹில் என்ற கலைஞர் ஆரம்பித்து வைத்த வழி இது. கலைஞரிடம் கூடத்துக்கு வாடகை வாங்குவதில்லை, பார்க்க வருகிறவரிடம் டிக்கெட் வாங்குவதில்லை. முன்னால் வந்தவருக்கு இடம். முடிந்ததும் கலைஞரே வாசலில் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இலவசம்தானே" என்று குனிந்துகொண்டே நழுவுகிறவர்கள் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

திருவிழா மூன்றரை வாரம். அத்தனை நாளும் அதே வாடகைதான் கலைஞருக்கும். போஸ்டர் செலவு, நோட்டீஸ் செலவு, ரெயில் செலவு, பதிவுக் கட்டணம் தனி. டிக்கெட் போடும் அரங்கு என்றால் வசூலில் பங்கு அரங்குக்காரருக்குப் போகும். வசூல் ஆகாவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்ளும் அரங்குகளும் இருக்கின்றன. கடன் வாங்கி வந்து, கடனோடு திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். இது அங்கே ரகசியம் இல்லை. வருஷா வருஷம் பேசப்படும் புகார்.

மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவர் தன் ஒரு மணி நேரத்தையும் குறையாமல் பேசி நடிப்பதை அங்கே பார்க்கலாம். நாற்காலி காலியாக இருக்கிறதே என்று அவர் நிறுத்துவதில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் எழுந்து போய்விட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் எழுவதும் இல்லை.

வாளியில் 5 பவுண்டு போடுங்கள். பிடித்திருந்தால் 10. நோட்டு இல்லை என்று சொல்ல முடியாது, கார்டு தட்டும் மிஷினும் வாளி பக்கத்திலேயே இருக்கும்!

இப்படிச் சின்ன அறையில் நின்றவர்கள் பின்னால் எங்கே போனார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1981-ல் இங்கே நகைச்சுவைக்கு ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள். முதல் பரிசு வாங்கியது கேம்பிரிட்ஜ் மாணவர் குழு. அதில் இருந்தவர்கள் ஹியூ லாரி, ஸ்டீபன் பிரை, எம்மா தாம்சன். 2013-ல் கவ்கேட் தெரு நிலவறை அரங்கு ஒன்றில் பீபி வாலர் பிரிட்ஜ் என்ற பெண் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நடித்தார். அதுதான் "பிளீபேக்". பிறகு டெலிவிஷன் தொடராகி 2019-ல் எம்மி பரிசுகளை அள்ளியது.

அதே 2013-ல் புதுமுகப் பரிசுக்கான பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர் ரோமேஷ் ரங்கநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு மைக் பிடித்தவர். பரிசு வேறொருவருக்குப் போனது. ஆனால் இன்று பிரிட்டிஷ் டெலிவிஷனில் ரோமேஷைத் தெரியாதவர் குறைவு.

ஆகவே டெலிவிஷனில் பார்த்த முகத்துக்கு ஒரு டிக்கெட் வாங்குங்கள், தப்பில்லை. அந்த ஆளை வேறு ஊரிலும் பார்க்கலாம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பெயர் தெரியாத இரண்டு பேருக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஒன்று சொதப்பும். சொதப்பினால் ஒரு மணி நேரம்தான் நஷ்டம்.

கையில் ஸ்காட்லாந்து வங்கி நோட்டு மிச்சம் இருந்தால் ஊரை விட்டுக் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள். லண்டனில் சில கடைக்காரர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பார்கள். நம் ஊர் மணிசேஞ்சரைக் கேட்கவே வேண்டாம்.

அரங்கு வாசல் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "இன்றைக்கு என்ன பார்த்தீர்கள்? நன்றாக இருந்ததா?" என்று கேட்பார். அங்கே அது வழக்கம். அந்த மூன்று பேர் அறையில் உங்களைச் சிரிக்க வைத்தவரின் பெயரைச் சொல்லுங்கள். அரங்கு நம்பரையும், நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.